ஒவாண்டோ பண்ணைக்காரர்களுக்கு ஒரு நன்றி மடல்

ஒவாண்டோ மக்களுக்கு வணக்கம்.

இதே நன்றியை ஆங்கிலத்தில் எழுதி உங்கள் தபால் நிலையப் பலகையில் ஒட்டச் சொல்லி அனுப்பிவிட்டேன். நீங்கள் செய்தது எங்கள் ஆட்களுக்கும் தெரியட்டும் என்று தமிழிலும் எழுதுகிறேன்.

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில், மிசூலாவிலிருந்து 200ஆம் எண் நெடுஞ்சாலையில் கிழக்கே ஒரு மணி நேரம் போனால் வருவது ஒவாண்டோ. ஊருக்குள் நூறு பேர்கூடத் தேற மாட்டார்கள். சுற்றிலும் மாட்டுப் பண்ணைகள், பனிக்காலத் தீவனத்துக்கான புல்வெளிகள், அவற்றின் நடுவே மோன்ச்சர் ஓடை. அது போய்ச் சேரும் பிளாக்ஃபுட் ஆற்றில் டிரவுட் மீன் பிடிக்க நாடெங்கிலுமிருந்து ஆட்கள் வருகிறார்கள். நான் போனது மீன் பிடிக்க அல்ல, ஓடைத் தண்ணீரின் சூட்டை அளக்க. என் ஆய்வுக்கு அதுதான் வேலை.

அந்த ஓடைகளை நம்பி வாழ்வது புல்டிரவுட். 1998இல் இந்தப் பகுதியில் அழியும் அபாயம் உள்ள இனமாக அரசு அறிவித்த மீன். கோடையில் பெரிய ஆறு சூடேறும்போது குளிர்ந்த ஓடைகளை நாடி வரும். இலையுதிர் காலத்தில் கூழாங்கற்களுக்கு அடியில் முட்டையிடும். வெப்பமானியை எங்கே போட வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அங்கே போவதற்கான வழி உங்கள் நிலத்துக்குள் இருந்தது. மொன்டானா சட்டப்படி ஆற்றுக்குள் யாரும் நடக்கலாம். ஆற்றுக்குப் போகப் பிறர் நிலத்தைக் கடப்பதற்கு உரிமையாளர் சம்மதிக்க வேண்டும். பல்கலைக்கழகத்திலிருந்து ஒருவன் வந்து உங்கள் ஓடையை அளக்கிறேன் என்றால், நாளைக்கு எந்தக் கட்டுப்பாடு வருமோ என்றுதான் எவருக்கும் தோன்றும். நீங்களும் அதைக் கேட்டீர்கள், முகத்துக்கு நேராகவே கேட்டீர்கள். கேட்டுவிட்டுக் கதவையும் திறந்துவிட்டீர்கள். “திறந்திருந்த கதவைத் திறந்தபடி விடு, மூடியிருந்ததை மூடிவிட்டுப் போ” என்ற ஒரு நிபந்தனையோடு சரி.

மோன்ச்சர் ஓடைக்கரைப் பண்ணை அம்மா, அறுவடைக்கு நின்ற புல்லை மிதிக்காமல் போகும் தடத்தைக் காட்டியதற்கு நன்றி. மாட்டிறைச்சியே பிழைப்பான வீட்டில், இறைச்சி தொடாதவன் ஒருவன் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்ததைப் பார்த்து நீங்கள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. உருளைக்கிழங்கும் பீன்ஸும், பிறகு ஹக்கிள்பெரி என்ற காட்டுப் பழம் வைத்துச் சுட்ட ‘பை’ பலகாரமும் வந்தன. அதில் இரண்டாம் துண்டு கேட்கக் கூச்சமாக இருந்தது, கேட்காமலே வைத்தீர்கள்.

மேய்ச்சல் நிலங்களைச் சுற்றிவரும் குதிரைக்காரருக்குத் தனி நன்றி. கரடி விரட்டும் ஸ்ப்ரேயைப் பையின் அடியில் வைத்திருந்தால் அது இல்லாத மாதிரிதான் என்று சொல்லி, இடுப்பில் மாட்டவைத்தவர் அவர். புதருக்குள் நுழையும்முன் சத்தம் போடச் சொன்னார். நான் தமிழ்ப் பாட்டுப் பாடிக்கொண்டு போனேன். கிரிஸ்லி கரடி எதுவும் எதிரே வரவில்லை. பாட்டின் பலனா தெரியாது.

பனி உருகிய வெள்ளத்தில் அடித்துப்போன வெப்பமானி ஒன்று, வாய்க்கால் தலைப்பில் போட்ட மீன் தடுப்புச் சல்லடையில் சிக்கிக் கிடந்ததாம். அதை எடுத்துத் துடைத்து, என்னைப் பார்க்கும்வரை டிரக்கின் முன்கண்ணாடி ஓரத்தில் வைத்திருந்த தம்பிக்கும் நன்றி. அந்தச் சல்லடை இல்லாவிட்டால் குஞ்சு மீன்கள் வாய்க்கால் வழியே வயலுக்குப் போய்க் காய்ந்து சாகும். மீனைக் காக்க வைத்த சல்லடை என் தரவையும் காத்தது.

இனிச் சொல்வதுதான் இந்த மடலை எழுத வைத்தது. ஆகஸ்ட் மாதம், மழை இல்லை. பானர் என்ற ஊரருகே பிளாக்ஃபுட் ஆற்றின் ஓட்டம் வினாடிக்கு 700 கன அடிக்குக் கீழே இறங்கினால், வாய்க்காலுக்கு எடுப்பதைக் குறைத்துத் தண்ணீரை ஆற்றுக்கே விடும் உங்கள் வறட்சித் திட்டம் நடப்புக்கு வரும். 1993இல் பண்ணைக்காரர்களும் மற்றவர்களும் சேர்ந்து தொடங்கிய பிளாக்ஃபுட் சேலஞ்ச் அமைப்பின் கீழ் நடக்கும் ஏற்பாடு அது. மொன்டானாவின் தண்ணீர்ச் சட்டத்தில் யார் முதலில் எடுத்தாரோ அவருக்கே முதல் உரிமை. தாத்தா காலத்து உரிமை கையில் இருப்பவர் மதகை மூட வேண்டிய கட்டாயமே இல்லை. ஆனாலும் அப்படிப்பட்ட பெரியவர் ஒருவர் மதகுச் சக்கரத்தைச் சுற்றி இறக்கியதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். அந்தத் தண்ணீர் போனால் இரண்டாம் அறுப்புப் புல் குறையும். குறைந்ததைக் குளிர்காலத்தில் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். “ஆறு ஓடினால்தான் நாம்” என்றெல்லாம் அவர் பேசவில்லை. முழங்கால் வலியைப் பற்றிப் பேசினார். ஆய்வறிக்கையில் ‘ஓட்டம் கூடியது’ என்று ஒரு வரியில் எழுதிவிடுவேன். அந்த வரிக்குப் பின்னால் யாருடைய புல் இருக்கிறது என்று எழுத அங்கே இடம் கிடையாது, அதனால் இங்கே எழுதிவிட்டேன். ஐயா, உங்களுக்கு என் வணக்கம்.

அளவுகளின் நகலைக் கதவு திறந்துவிட்ட ஒவ்வொரு பண்ணைக்கும் அனுப்பியிருக்கிறேன். யாருடைய நிலம் என்று அறிக்கையில் எங்கும் இருக்காது. கேட்டபோது கொடுத்த வாக்கு அது. வெப்பமானிகள் அங்கேயே இருக்கின்றன. வரும் கோடையில் என் இடத்தில் ஒரு பெண் வருவாள். அவளுக்கும் கதவைத் திறந்துவிடுங்கள். அந்தக் கறுப்புக் காளை எந்த வெளியில் நிற்கிறது என்பதை மட்டும் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.