தம்பிக்கு: மண்டபத்துக்குள் நடந்தது

தம்பி,

வருகிற ஞாயிற்றுக்கிழமை கம்பெனியோடு போடுகிற சம்பள ஒப்பந்தத்துக்கு மறுபடியும் ஓட்டெடுப்பு. அதே மண்டபம், அதே பத்து மணி. நான் கூப்பிட்டால் நீ போனை எடுப்பதில்லை. இங்கே எழுதினால் யாராவது உன்னிடம் காட்டுவார்கள்.

நம் லைன் ஆட்களும் சங்கக் கமிட்டி ஆட்களும் இதைப் படிப்பார்கள் என்று தெரியும். அதனால் கம்பெனி பெயரோ சங்கத்தின் பெயரோ எழுதவில்லை. உள்ளே யார் என்ன பேசினார்கள் என்பதையும் விட்டுவிடுகிறேன். நான் செய்ததை மட்டும் சொல்கிறேன்.

2022 ஜூலையில் நீதான் என்னை வண்டியில் கொண்டுவந்து விட்டாய், நைட் ஷிப்ட் முடிந்த கண்ணோடு. "போய்ட்டு வாண்ணே, நான் டீக்கடையில இருக்கேன்" என்றாய்.

உள்ளே ஒப்பந்தத்தை ஷரத்து ஷரத்தாக வாசித்தார்கள். சம்பள உயர்வு, அரியர், மருத்துவக் காப்பீடு, பஸ், கேன்டீன். ஒவ்வொன்றுக்கும் கைதட்டல். நான் உன்னைப் போன்ற கான்ட்ராக்ட் ஆட்களுக்கான 17-வது கோரிக்கைக்காகக் காத்திருந்தேன். 24 மாதத்தில் 480 நாள் வேலை செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்கிற 1981-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டத்தைச் சொல்லி, ரூமில் விடிய விடிய உட்கார்ந்து நாம் இரண்டு பேரும் எழுதிக் கொடுத்தது அது. அது வரவே இல்லை. கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு வரி வாசித்தார்கள்: "இதர கோரிக்கைகள் வலியுறுத்தப்படவில்லை." அந்த 'இதர'வுக்குள் நீ இருந்தாய்.

யாராவது எழுந்து கேட்பார்கள் என்று சுற்றிப் பார்த்தேன். நானும் எழவில்லை. சீட்டில் 'ஏற்கிறேன்', 'மறுக்கிறேன்' என்று இரண்டு கட்டம். 'ஏற்கிறேன்' கட்டத்தில் டிக் போட்டுப் பெட்டியில் போட்டேன்.

உன் அண்ணிக்கு அப்போது ஏழாம் மாதம். ஒப்பந்தம் இல்லாமலே பதினோரு மாதம் ஓடியிருந்தது. நான் ஒருவன் மறுத்திருந்தாலும் அது நிறைவேறியிருக்கும். இதெல்லாம் உண்மைதான். ஆனால் நம் நாட்டுச் சட்டம் ஓட்டெடுப்பே கேட்கவில்லை, சங்கத்துப் பொறுப்பாளர்கள் கையெழுத்துப் போட்டால் போதும். நம் ஆட்கள் சீட்டைக் கொடுத்து எங்களைக் கேட்டார்கள். அதனால் கமிட்டிதான் செய்தது என்று சொல்லிக்கொள்ளவும் எனக்கு வழியில்லை.

வெளியே வந்தேன். நீ எனக்கும் சேர்த்து டீ சொல்லி வைத்திருந்தாய். "பாஸ் ஆயிடுச்சுடா" என்றேன். "நம்மளது?" என்றாய்.

"அடுத்த தடவை கண்டிப்பா பாக்கலாம்னு சொல்லியிருக்காங்க."

அப்படி யாரும் சொல்லவில்லை தம்பி. உள்ளே ஒருவர் வாயிலிருந்தும் அது வரவில்லை. உன் முகத்தைப் பார்த்ததும் என் வாயில் வந்தது அது. நீ சிரித்தாய். இரண்டு டீக்கும் நீயே காசு கொடுத்தாய். "அரியர் வந்ததும் பெரிய ட்ரீட்டா குடுண்ணே" என்றாய். அந்த வார்த்தையை நம்பித்தான் ஒரகடத்தில் கிடைத்த வேலைக்கு நீ போகாமல் இருந்தாய். ஏழு மாதம் கழித்து கான்ட்ராக்டர் மாறினான், புதுப் பட்டியலில் உன் பெயர் இல்லை. ஓட்டுக்காக அல்ல, அந்தப் பொய்க்காகத்தான் உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

ஆனால் திருவிழாவில் எங்கள் அம்மா முன்னால் "அண்ணன் என்னை வித்துட்டான்" என்றாயே, அது அதிகம். ஓட்டுப் போட்டவன் நான் ஒருவன் இல்லை. எட்டு மாதம் உன் ரூம் வாடகையை நான் கொடுத்ததை நீ யாரிடமும் சொல்லவில்லை. நீ சொன்ன அந்த வார்த்தையைப் பற்றி அம்மா இன்னும் என்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். சரி, வாடகைக் கணக்கை இங்கே எழுதியிருக்கக் கூடாது.

2022-இல் போட்டது தொழில் தகராறு சட்டத்தின் 12(3) பிரிவுப்படியான ஒப்பந்தம். தொழிலாளர் துறை அதிகாரி முன்னால் கையெழுத்தானது. மறுத்தவனுக்கும், ஓட்டுப் போட வராதவனுக்கும், பின்னால் வந்து சேர்கிறவனுக்கும் அது பொருந்தும். போன வருஷம் சேர்ந்த பையன்களும் அதன்படிதான் சம்பளம் வாங்குகிறார்கள். ஆறு வருஷம் என் பக்கத்தில் நின்று அதே போல்ட்டை இறுக்கிய நீ காகிதத்தில் கான்ட்ராக்டரின் ஆள். அந்த ஸ்டேஷனில் இப்போது இன்னொரு பையன் நிற்கிறான், அவனும் கான்ட்ராக்ட். என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுகிறான்.

புது வரைவு போன வாரம் கைக்கு வந்தது. கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டினேன். அதே வரி. இந்த முறை 'மறுக்கிறேன்' என்று போடப் போகிறேன். அதற்கு முன்னால் மைக்கில் பேசவும் பெயர் கொடுத்திருக்கிறேன். பாப்பாவைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற வருஷம் இது, உன் அண்ணிக்குப் பயம்தான். ஆனாலும் பேசு என்று அவளே சொன்னாள்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். உன் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) பாஸ்புக்கை மூன்று கான்ட்ராக்டருக்கும் தனித்தனியாக டவுன்லோட் செய்து அனுப்பு. யூ.ஏ.என். என்கிற பி.எஃப். நம்பர் ஒன்றுதான் என்பதால் மூன்றும் அதன் கீழேயே இருக்கும். பழைய கேட் பாஸ் இருந்தால் அதையும் போட்டோ எடுத்து அனுப்பு. 'அவர்கள் வந்து வந்து போகிறவர்கள்' என்று யாராவது சொன்னால் மேடையில் காட்ட எனக்கு ஒரு காகிதம் வேண்டும். சனிக்கிழமை ராத்திரிக்குள் வந்தால் போதும். என்னோடு பேச வேண்டியதில்லை, அனுப்பினால் மட்டும் போதும்.

அண்ணன்