மாத்திரைச் செலவை யார் தருவது?

அன்புள்ள செந்திலுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம். அப்பாவுக்கு முழங்கால் வலி பழையபடிதான், காலையில் கொஞ்சம் நடந்துவிட்டு வந்தால் பரவாயில்லை என்கிறார். மருமகளும் குட்டியும் நலமா?

போன ஞாயிற்றுக்கிழமை நீ பேசியது மனதிலேயே ஓடிக்கொண்டிருக்கிறது. "அரசாங்கம் ஆஸ்பத்திரி நடத்துவதை விட்டுவிட்டு எல்லாருக்கும் காப்பீட்டு அட்டை கொடுத்துவிட்டால் போதும், யாருக்கு எங்கே பிடிக்கிறதோ அங்கே போய்க்கொள்ளட்டும்" என்றாய். நீ காப்பீட்டு க்ளைம் பார்க்கும் வேலையில் இருக்கிறாய், கணக்குத் தெரிந்தவன். நான் ரிட்டயர் ஆகும்வரை ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து கொடுத்தவள். எனக்கும் ஒரு கணக்குத் தெரியும். போனில் அதைக் கோர்வையாகச் சொல்ல வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

அட்டை வேண்டாம் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2012இல் அது முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் ஆனது. 2018இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் வந்து அதோடு சேர்ந்துகொண்டது. இப்போது ஒரு குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கிறது. பைபாஸ் என்றாலே நிலத்தை விற்கவேண்டும் என்றிருந்தது ஒரு காலம். அந்த நிலத்தைக் காப்பாற்றிக்கொண்ட குடும்பங்கள் நம் ஊரிலேயே இருக்கின்றன. பிறவியிலேயே காது கேட்காத குழந்தைக்குக் காக்ளியர் கருவி வைப்பது கூலிக்காரர் வீட்டில் நினைத்துப் பார்க்கக்கூடிய காரியமா? அதை நடத்திக் காட்டியது அட்டைதான்.

ஆனால் அந்த அட்டை எப்போது வேலை செய்கிறது? ஆளைப் படுக்கையில் சேர்த்த பிறகு. என் மருந்து ஜன்னலுக்கு வந்தவர்களில் அநேகம் பேர் படுக்கையில் சேரவேண்டியவர்கள் இல்லை. சர்க்கரை, பிரஷர், தைராய்டு, பிள்ளைக்கு வீசிங். சீட்டைக் காட்டி ஒரு மாதத்துக்கு மாத்திரை வாங்கிப் போவார்கள், அடுத்த மாதம் திரும்ப வருவார்கள். ஆயுள் முழுக்க அப்படித்தான். இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் இருக்கிறது என்று 2023இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) ஆய்வு வந்ததே, அந்த 10 கோடிப் பேரில் அநேகம் பேருக்கு நாளை காலையில் தேவைப்படுவது ஆபரேஷன் இல்லை, மெட்ஃபார்மின் போன்ற சர்க்கரை மாத்திரை.

நம் பக்கத்து ஊர் அக்கா ஒருத்தி செங்கல் சூளை வேலைக்கு வெளிமாநிலம் போனாள். இங்கே இருந்தவரை மாதாமாதம் வந்து மாத்திரை வாங்கியவள். அங்கே கடையில் காசு கொடுத்து வாங்கவேண்டியிருந்தது. கூலி வந்த வாரம் போடுவாள், வராத வாரம் விட்டுவிடுவாள். அப்புறம் ஒருநாளைக்கு இரண்டு போடவேண்டியதை ஒன்றாகக் குறைத்துக்கொண்டாள். சில வருடம் கழித்துக் கால் வீங்கித் திரும்பி வந்தபோது சிறுநீரகம் போயிருந்தது. வாரத்துக்கு இரண்டு தடவை டயாலிசிஸ். அதற்கு அட்டை பணம் கொடுத்தது, ஒரு பில்லைக்கூடத் தள்ளவில்லை. உங்கள் கம்ப்யூட்டரில் அது ஒழுங்காக முடிந்த க்ளைமாகத்தான் தெரியும். எனக்கு அது ஆறவில்லை செந்தில். அவளுக்குத் தேவைப்பட்டபோது ஒரு ஸ்ட்ரிப் மாத்திரைக்குக் காசு கொடுக்க எந்தத் திட்டமும் இல்லை.

நான் வேலையில் சேர்ந்த காலத்தில் இங்கேயும் நிலைமை அப்படித்தான். என்ன மருந்து வேண்டும் என்று இண்டென்ட் எழுதிப் போடுவோம், சரக்கு வராது. வெளியே எழுதிக் கொடுக்கும்போது அவர்கள் முகத்தைப் பார்க்க முடியாது. 1995இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் வேலையை ஆரம்பித்த பிறகுதான் அது மாறியது. மாநிலம் முழுவதற்கும் ஒரே டெண்டர். கம்பெனிப் பெயரில் இல்லாமல் மருந்தின் பெயரில் கொள்முதல். ஒவ்வொரு பேட்ச்சும் பரிசோதனையில் தேறினால்தான் வெளியே வரும். மாவட்டத்தில் கிடங்கு, எங்கள் கையில் ஒரு பாஸ்புக். எது தேவையோ அதைக் கணக்கில் எழுதி எடுத்துவரலாம். ஒரேயடியாக வாங்குவதால் விலையும் குறைந்தது. இதைப் பார்த்துத்தான் கேரளாவும் ராஜஸ்தானும் தங்களுக்கு ஒரு கழகம் அமைத்துக்கொண்டன. இதற்கு யாரும் விழா எடுக்கவில்லை, ஆனால் இந்த மாநிலத்தில் எல்லாருக்கும் மருத்துவம் என்று ஏதாவது நடந்திருக்கிறது என்றால் அது இதுதான் என்பேன். அந்த ஜன்னலில் வருமானச் சான்று கேட்டதில்லை. 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் வந்தபோது சர்க்கரை, பிரஷர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்க முடிந்ததும் கிடங்கில் மாத்திரை இருந்ததால்தான்.

தாய்லாந்தைப் பார். 2001இல், ஒரு தடவைக்கு அவர்கள் பணத்தில் 30 பாட் கட்டினால் சிகிச்சை என்ற 30 பாட் திட்டத்தை ஆரம்பித்து அடுத்த வருடத்துக்குள் நாடு முழுவதும் கொண்டுவந்தார்கள். அதில் புறநோயாளிச் சிகிச்சையும் மருந்தும் முதல் நாளிலிருந்தே அடக்கம். முடிந்தது எப்படி? அதற்கு முன்பே பல வருடமாக மாவட்டத்து ஆஸ்பத்திரிகளைக் கட்டி, டாக்டர்களைக் கிராமத்துக்கு அனுப்பி வைத்திருந்தார்கள். பணம் போய்ச் சேர ஒரு இடம் இருந்தது. நம் மலைக் கிராமங்களில் நீ சொல்கிறபடி எல்லார் கையிலும் அட்டை கொடுத்தால் அதை எங்கே கொண்டுபோய்க் காட்டுவார்கள்? லாபம் வராத ஊரில் தனியார் ஆஸ்பத்திரி யார் கட்டுவார்கள்?

கூட்டம், அழுக்கு, டாக்டர் இல்லாத நாள், அவமரியாதையான பேச்சு என்று நீ அடுக்கியதெல்லாம் உண்மை. அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய் மூன்று மணி நேரம் வரிசையில் நின்றிருக்கிறேன், கோபம் வராமல் இல்லை. ஆனால் காலியிடத்தை நிரப்பாமல், பணம் ஒதுக்காமல் வைத்துவிட்டு "அரசு ஆஸ்பத்திரி உருப்படாது" என்று முடிவு கட்டுவது நியாயமா? 2017 தேசிய சுகாதாரக் கொள்கை நாட்டின் மொத்த உற்பத்தியில் 2.5 சதவீதத்தை அரசுகள் சுகாதாரத்துக்குச் செலவிடவேண்டும், 2025க்குள் அதை எட்டவேண்டும் என்றது. 2021-22இல், அதாவது கொரோனா காலத்தில்கூட, 1.84 சதவீதம்தான். அதே வருடக் கணக்கில் நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் நூற்றுக்கு 39 ரூபாய் மக்கள் கையிலிருந்தே போயிருக்கிறது. முன்பு 64ஆக இருந்தது, குறைந்ததில் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் மிச்சம் இருக்கிற அந்த 39இல் பெரும்பகுதி மருந்துக் கடையிலும் டெஸ்ட் எடுக்கும் இடத்திலும் போகிறது. உன் அட்டை அங்கே பெரும்பாலும் எட்டவில்லை.

சட்டம் போட்டால் சரியாகிவிடும் என்றும் நான் நம்பவில்லை. 2023இல் ராஜஸ்தானில் மருத்துவ உரிமைச் சட்டம் கொண்டுவந்தார்கள். அவசரச் சிகிச்சைக்கு முன்பணம் கேட்கக்கூடாது என்பது அதில் முக்கியமானது. தனியார் டாக்டர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். நோயாளிகளை நடுவில் விட்டதை என்னால் ஏற்க முடியாது. ஆனால் அந்தச் செலவை அரசாங்கம் எங்களுக்கு எப்போது, எப்படித் தரும் என்று அவர்கள் கேட்டது சரியான கேள்விதான்.

உங்கள் ஆபீஸில் புதுத் திட்டங்களைப் பற்றிப் பேசும்போது உன்னையும் கூப்பிடுகிறார்கள் என்றாயே. அங்கே ஒன்று மட்டும் கேள்: ஆஸ்பத்திரியில் சேராதவனின் மாத்திரை யார் கணக்கில்? பிரீமியமாகக் கட்டுகிற பணத்தில் ஒரு பங்கு கிராமத்து மருந்து ஜன்னலுக்கு வந்தால் எத்தனை டயாலிசிஸ் குறையும் என்று நீங்களே கணக்குப் போடலாம், அந்தத் தரவெல்லாம் உங்களிடம் இருக்கிறது. அவர்கள் என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுது. நான் சொன்னதில் உனக்கு ஒப்பாதது இருந்தால் அதையும் எழுது.

உனக்கும் நாற்பது நெருங்குகிறது, தாத்தாவுக்கும் சர்க்கரை இருந்தது. இந்த மாதமே வெறும் வயிற்றில் ஒரு டெஸ்ட் எடுத்துவிட்டு எவ்வளவு என்று சொல். மருமகளுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அன்புடன்,
அம்மா