கிராக்கோவிலிருந்து அம்மாவுக்கு

அன்புள்ள அம்மாவுக்கு,

நலம். அங்கே அப்பா, செல்வி, தம்பி எல்லோரும் நலமா? உன் கடிதம் வந்தது. செல்வி எழுதியிருந்தாலும் நடுவில் வருகிற திட்டெல்லாம் உன்னுடையது என்று தெரிந்துவிட்டது. போனில் "ம்", "சரிம்மா" என்று வைத்துவிடுகிறேனாம். சரி, இதோ விவரமாகவே எழுதுகிறேன்.

வேலை நன்றாகப் போகிறது. இப்போது ஓவர்டைம் கிடையாது, அதனால் ஓய்வு நிறைய. வீட்டை விட்டுவிட்டு இதே கட்டடத்தில் கீழே ஒரு ரூமுக்கு வந்துவிட்டேன். ஒருத்தனுக்கு அவ்வளவு பெரிய வீடு எதற்கு? ஜன்னல் சின்னது, குளிரும் அவ்வளவாக வராது. ராத்திரிக்கு ரொட்டி, வெண்ணெய், ஊறவைத்த வெள்ளரிக்காய் என்று பழகிவிட்டது. சனி, ஞாயிறு கதவைத் தட்ட ஆளே இல்லை, நன்றாகத் தூங்குகிறேன்.

கரடிப்பாட்டி மட்டும்தான் தட்டுவார். தீபாவளிக்கு வீடியோவில் உனக்குக் கும்பிடு போட்டாரே, அவர்தான். பூகோள டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். வருஷா வருஷம் மூன்று பொம்மைக் கரடிகளை சைக்கிள் கூடையில் உட்காரவைத்து ஊர் சுற்றுவார். கூடப் போகிற சிநேகிதிக்கு இந்த முறை முட்டி ஆபரேஷன் என்பதால் என்னைக் கூப்பிட்டார். சைக்கிள் அவர் மகனுடையது. தங்குவது, சாப்பாடு எல்லாம் அவர் செலவு, மூட்டை தூக்குவது நான். அதனால் காசு எங்கே கிடைத்தது என்று அப்பா கேட்க வேண்டியதில்லை.

பெரிய கரடியின் பெயர் வோய்டெக். அந்தப் பெயரில் நிஜமாகவே ஒரு கரடி இருந்தது, தம்பிக்கு இதைப் படித்துக் காட்டு. இரண்டாம் உலகப் போரில், 1942-ல், ஈரானில் போலந்துச் சிப்பாய்கள் ஒரு கரடிக்குட்டியை வாங்கிப் பால் ஊட்டி வளர்த்தார்கள். கப்பலில் ஏற்ற வேண்டும் என்பதற்காக அதையும் சிப்பாயாகப் பதிந்துகொண்டார்கள். 1944-ல் இத்தாலியில் மோன்டே கசினோ சண்டையில் குண்டுப் பெட்டி சுமந்ததாம். போர் முடிந்ததும் எடின்பரோ மிருகக்காட்சி சாலைக்குப் போய், 1963-ல் அங்கேயே செத்தது. பழைய சிப்பாய்கள் போய் வேலியோரம் நின்று போலிஷில் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்குமாம். இங்கே பார்க்கில் அதற்குச் சிலை இருக்கிறது. வேலைக்குப் போகும்போது சில நாள் அந்த வழியாகப் போவேன்.

இனி அப்பாவுக்கு. இங்கே போலந்தில் நோவி டார்க் என்ற ஊரிலிருந்து எல்லை தாண்டி, ஸ்லோவாக்கியாவில் திர்ஸ்தெனா வரை சுமார் 35 கிலோமீட்டர். முழுக்கப் பழைய ரயில் தடம். தண்டவாளத்தைப் பிடுங்கிவிட்டு அதே மேட்டின் மேல் தார் போட்டு சைக்கிள் விடுகிறார்கள். ரயில் ஏறுகிற அளவு சரிவுதான், எங்கேயும் மூச்சு வாங்கவில்லை. 2010 கடைசியில் நம் போடி மீட்டர்கேஜை நிறுத்தினபோது அப்பா சாப்பாடு இறங்காமல் கிடந்தாரே, அதுதான் வழியெல்லாம் ஞாபகம். நமக்காவது 2023-ல் ரயில் திரும்பி வந்தது, இவர்களுக்குப் போனது போனதுதான். தெற்கே தாத்ரா மலை, ஜூனிலும் உச்சியில் பனி. உயரம் 2655 மீட்டர்தான், நம் ஆனைமுடி 2695. இதைச் சொன்னதும் பாட்டிக்கு முகம் சுருங்கிவிட்டது.

எல்லையில் ஒரு பலகை, அவ்வளவுதான். 2007 டிசம்பரில் சோதனையை எடுத்துவிட்டார்களாம். போடிமெட்டு செக்போஸ்டில் ஜீப்பை நிறுத்துகிற அளவுக்குக்கூட ஒருவரும் நிறுத்தவில்லை. இந்தப் பக்கம் ஸ்வோட்டி, அந்தப் பக்கம் யூரோ. இரண்டும் ஒரே வேகத்தில்தான் கரைகிறது. மலைப்பக்கம் நிஜக் கரடியும் உண்டு. "நம்ம கூடையைப் பார்த்தால் சொந்தக்காரர் என்று விட்டுவிடும்" என்றார் பாட்டி.

திர்ஸ்தெனாவில் ஹலுஷ்கி சாப்பிட்டோம். உருளைக்கிழங்கைத் துருவி மாவில் பிசைந்து, ஓட்டைத் தட்டு வழியாகக் கொதிக்கிற தண்ணீரில் தேய்த்து விடுவார்கள். வெந்ததும் வடித்து ஆட்டுப்பால் சீஸில் பிரட்டி, மேலே பன்றிக்கொழுப்பை வறுத்துப் போடுவார்கள். கொழுப்பு எனக்கு வேண்டாம் என்றேன். சமையல்கட்டுக் கதவு திறந்திருந்தது. அந்த அம்மாள் தேய்த்துவிட்டுத் தட்டைப் பானை விளிம்பில் டொக்கு டொக்கென்று தட்டினார். நீ பூந்திக் கரண்டியைத் தட்டுகிற அதே சத்தம்மா. எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. பாட்டி "காரமா?" என்று தண்ணீரை நகர்த்தினார். அந்தச் சாப்பாட்டில் ஒரு மிளகுகூடக் கிடையாது.

தீபாவளிக்கு வருவாயா என்று கேட்டிருந்தாய். பொங்கலுக்குப் பார்க்கலாம்மா.

அப்புறம் கிழக்கே துனாயெட்ஸ் ஆற்றுக்குப் போனோம். ஆறுதான் எல்லை. இரண்டு பக்கமும் செங்குத்துப் பாறை, ஸ்லோவாக்கியக் கரையில் சைக்கிள் பாதை, தண்ணீரில் மரத்தெப்பம். ஒரு தெப்பக்காரர் கரடிகளுக்குத் தொப்பியைக் கழற்றி வணக்கம் சொன்னார். ராத்திரி பாட்டி மூன்று கரடிகளையும் மேஜையில் உட்காரவைத்துப் படம் எடுத்து டப்ளினில் இருக்கிற பேத்திக்கு அனுப்பினார். அங்கேயே பிறந்த பிள்ளை, கரடிப் படம் என்றால் மட்டும் பதில் போடுமாம். போனைத் தட்டுக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு சாப்பிட்டார். சூப் ஆறியும் பதில் வரவில்லை. உன் கடிதம் என் பையில் இருந்தது.

சரி, வீட்டு விஷயம். பெரியப்பா கூட்டுப்பட்டாவில் கையெழுத்துக் கேட்டால் சர்வேயர் அளந்து கல் நடுகிறவரை போட வேண்டாம். என் கையெழுத்துதான் வேண்டும் என்றால் வார்சா தூதரகத்தில் பவர் எழுதி அனுப்புகிறேன். அப்பாவுக்குக் கண் ஆபரேஷனைத் தள்ளிப்போடாதே, ஏலக்காய் பறிப்புக்கு முன்னால் முடித்துவிடு. அடகு நகையை இப்போது திருப்ப வேண்டாம், வட்டியை மட்டும் கட்டு. கம்பெனியில் சம்பளத் தேதியை மாற்றியிருக்கிறார்கள், அதனால்தான் பணம் தாமதம். புரட்டாசிக்குள் சேர்த்து அனுப்புகிறேன்.

சின்னமனூர்க்காரர்கள் செல்வியைப் பார்க்க வருகிற அன்று மாமாவைக் கூப்பிடாமல் விட்டுவிடாதே. காதுகுத்தில் நடந்ததை அவரும் மறக்கட்டும், நீயும் மற. பையன் எங்கே வேலை என்று தம்பியை விட்டு விசாரிக்கச் சொல். வெளிநாடு என்றால் செல்வியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு மேலே பேசுங்கள்.

இப்படிக்கு,
அன்பு மகன்
பாண்டி

பி.கு.: சின்னக் கரடிக்கு ஒரு பட்டுப் பாவாடை வேண்டுமாம் பாட்டிக்கு. ரவிக்கை வெட்டின துண்டு போதும். இடுப்பு 32 சென்டிமீட்டர், பாவாடை உயரம் 14. வால் இருக்கிறது, பின்பக்கம் கொஞ்சம் தாராளமாக விட்டுத் தை.