கடைக்கு இடம் பார்க்கும் மகனுக்கு

அன்புள்ள கண்ணா,

நாங்கள் நலம். புது வேலையில் கடை திறக்க இடம் பார்ப்பதுதான் உன் பொறுப்பு என்று போனில் சொன்னாய். அன்றிலிருந்து ஒரு விஷயம் மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது.

நம் டர்பனில் வசதியானவர்கள் இருக்கும் உம்லாங்கா பக்கம் போனால் ஒரு பெரிய கடைக்குப் பக்கத்திலேயே இன்னொன்று. நம் வீட்டுக்கு உதவிக்கு வரும் அம்மா ஊருக்கு வெளியே இனாண்டா டவுன்ஷிப்பில் மேட்டுமேல் இருக்கிறார். கிட்டத்தில் ஒரு ஸ்பாஸா கடைதான், வீட்டோடு நடத்தும் சின்னப் பெட்டிக்கடை. அதனால் சம்பளம் வந்ததும் டவுனுக்குப் போய் 10 கிலோ சோள மாவு, எண்ணெய், சுகர் பீன்ஸ் எல்லாம் வாங்கிக்கொள்வார். மூட்டை இடத்தை அடைக்கிறது என்று, பலர் சேர்ந்து போகும் அந்த மினிபஸ் டாக்ஸியில் இன்னொரு சீட்டுக்கும் காசு கேட்கிறார்களாம். சோள மாவுக்கு அரசாங்கம் வாட் வரி போடுவதில்லை; மிச்சமாகும் அந்தக் காசு டாக்ஸிக்கே போய்விடுகிறது. காய்கறியெல்லாம் முதல் வாரத்தோடு சரி.

இது தானாக வந்த நிலைமை இல்லை. 1950-இல் நம் தென்னாப்பிரிக்காவில் இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரிக்கச் சட்டம் போட்டார்கள். டவுனுக்குள் இந்தியத் தொழிலாளர் குடியிருப்பான மேகசின் பாரக்ஸில் இருந்தவரை பாட்டி மார்க்கெட்டுக்கு நடந்தே போய்வந்தார். 1960-களில் தொலைவில் இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய சாட்ஸ்வர்த்துக்குத் தூக்கிப் போட்ட பிறகு ஒரு கட்டு கொத்தமல்லிக்கும் பஸ் ஏற வேண்டியிருந்தது என்று சொல்லி மாய்ந்துபோவார். கறுப்பின மக்களுக்கென்று ஒதுக்கிய டவுன்ஷிப்புகளில் கடை வைப்பதற்கே ஆயிரம் தடை. சட்டம் போய்விட்டது, ஆனால் அன்று ஒதுக்கப்பட்ட இடத்தில்தான் இன்றும் நிறைய ஜனம் இருக்கிறது.

பெரிய மால் வந்தால் எல்லாம் தீர்ந்துவிடும் என்றும் நினைக்காதே. டவுனில் வார்விக் பகுதியில் இருக்கும், 1910-இல் தொடங்கிய ஏர்லி மார்னிங் மார்க்கெட்டை இடித்துவிட்டு மால் கட்ட 2009-இல் பார்த்தார்கள். வியாபாரிகள் விடவில்லை, திட்டம் நின்றது. ரயிலும் டாக்ஸியும் பக்கத்திலேயே இருப்பதால், வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற வழியிலேயே ஜனங்கள் அந்தப் பக்கம் காய் வாங்கிக்கொள்கிறார்கள். அதுதான் நல்ல இடம்.

கார் நிறுத்த எவ்வளவு இடம் என்பதை மட்டும் கணக்குப் போடாதே, ராசா. டாக்ஸி எங்கே நிற்கிறது, அங்கிருந்து மூட்டையோடு எவ்வளவு தூரம் என்று நீயே நடந்து பார். வாசலில் தக்காளியைக் கூறு கட்டி விற்கும் பெண்களை விரட்டச் சொன்னால், கூடாது என்று மேலிடத்தில் பேசு. புதிதாகச் சேர்ந்தவன் சொன்னால் எடுபடுமா என்று தயங்காதே.

அப்புறம், கிறிஸ்துமஸ் லீவில் வரும்போது அந்த அம்மாவோடு இனாண்டா வரை டாக்ஸியில் ஒருமுறை போய் வா. அவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா