அஞ்சு நிமிஷ வேலை

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிவிட்டது. பதில் தாமதமானதற்கு என் சர்வர்தான் காரணம். சாக்கு இல்லை, நிஜம். முட்டிவலி தேறிவிட்டது என்று எழுதியிருந்தாயே, சந்தோஷம்.

வெளியிலிருந்து சர்வரை இயக்க உதவும் ரிமோட் டெஸ்க்டாப்புக்காக அதன் வாசலான 3389 போர்ட்டைத் திறந்துதான் வைத்திருக்கிறேன், பாஸ்வேர்ட் கடினமானது, போதாதா என்று கேட்டிருந்தாய். போதாதுடா. நானும் அப்படியே இருந்தவன்தான். போன மாதம் ஒரு ராத்திரி விண்டோஸின் பதிவேடான ஈவன்ட் வியூவரில் 4625 என்ற எண்ணுள்ள பதிவுகளை மட்டும் வடிகட்டிப் பார்த்தேன். தோற்றுப்போன லாகின்கள். அட்மினிஸ்ட்ரேட்டர், டெஸ்ட், பேக்கப் என்று பெயர் மாற்றி மாற்றி, பக்கம் பக்கமாக. போர்ட் எண்ணை மாற்றினேன். இரண்டு நாள் அமைதி, மூன்றாம் நாள் மறுபடி ஆரம்பம். அதுவும் போக, 2019-இல் ரிமோட் டெஸ்க்டாப்பில் வெளிவந்த புளூகீப் என்ற பாதுகாப்பு ஓட்டை வழியாக நுழையப் பாஸ்வேர்டே தேவைப்படவில்லை. மைக்ரோசாஃப்ட், எப்போதோ கைகழுவிய விண்டோஸ் எக்ஸ்பிக்குக்கூட அன்று ஓட்டையை அடைக்கும் பேட்ச் கொடுத்தது.

இதையாவது லாக் காட்டிக்கொடுத்தது. கணக்கு சர்வரின் டாஸ்க்பார் மூலையில் ஒரு குட்டி ஐகான் இருந்தது, அதை யார் காட்டிக்கொடுப்பது? பில்லிங் சாஃப்ட்வேர் சப்போர்ட் ஆள் மூன்று வருஷத்துக்கு முன்னால் "அஞ்சு நிமிஷம்தான் சார்" என்று போட்ட ரிமோட் சாஃப்ட்வேர். இந்தப் பக்கம் யாரும் 'அக்செப்ட்' அழுத்த வேண்டாம், நிரந்தர பாஸ்வேர்ட் வேறு. அவர்கள் கம்பெனிப் பெயரும் 123-ம்! இந்த மாதிரி சாஃப்ட்வேர் உள்ளேயிருந்து தானே வெளியே போய் இணைப்பைப் பிடித்துக்கொள்ளும். ஃபயர்வாலில் ஒரு போர்ட்கூடத் திறக்க வேண்டியதில்லை. நான் ரூல் ரூலாக எழுதிப் பெருமைப்பட்டதெல்லாம் வீண். அன்றைக்கு 'யெஸ்' அழுத்தியவனும் நான்தான்.

2021-இல் அமெரிக்காவின் எரிபொருள் குழாயான கொலோனியல் பைப்லைன் நின்றுபோனதே, அதிலும் ஹேக்கர்கள் புகுந்தது யாரும் பயன்படுத்தாமல் கிடந்த ஒரு பழைய விபிஎன் (வெளியிலிருந்து கம்பெனி நெட்வொர்க்குக்குள் வரும் பாதுகாப்பான தனிப் பாதை) கணக்கு வழியாகத்தான். இரண்டாவது சரிபார்ப்பு அதில் இல்லை.

இப்போது 3389 வெளியுலகுக்குத் தெரியாது. முதலில் விபிஎன், அதற்கு மொபைலில் ஓடிபி, அப்புறம்தான் சர்வர். பத்துத் தடவை தப்பாகத் தட்டினால் கணக்குப் பூட்டிக்கொள்ளும். (முதலில் பூட்டிக்கொண்டது என் மேனேஜர். திட்டு எனக்கு.) வெண்டர் கணக்குகள் எல்லாம் டிசேபிள். போன் செய்தால் திறப்பேன், வேலை முடிந்ததும் மூடுவேன். சலித்துக்கொள்கிறார்கள், சலித்துக்கொள்ளட்டும்.

நீயும் சர்வரில் பின்னணியில் ஓடுபவற்றைக் காட்டும் சர்வீசஸ் பட்டியலை, இப்படி மறந்துபோன ரிமோட் சாஃப்ட்வேர் இருக்கிறதா என்று மேலிருந்து கீழே ஒரு தடவை நிதானமாகப் படி. என்னிடம் இரண்டு சிக்கின. உன்னிடம் எத்தனை என்று எழுது.

உன் பழைய அறைத்தோழன்