நரிக்கு வைக்கும் சென்சாரை ஆளுயரத்தில் மாட்டலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாட்டுக்கோழிப் பண்ணைகளிலும் ஆட்டுப்பட்டிகளிலும் நரித் தொல்லைக்கு சோலார் சென்சார் விளக்கு மாட்டுவது பரவலாகிவிட்டது. "பத்து நாள் வரவில்லை, இப்போது விளக்கு வெளிச்சத்திலேயே கோழியைத் தூக்கிக்கொண்டு போகிறது" என்று மாட்டிய பலரும் சொல்கிறார்கள். பெரும்பாலும் கோளாறு விளக்கில் இல்லை. மாட்டிய இடம் தப்பு; நரி வெளிச்சத்துக்குப் பழகிவிடுவதும் உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன்.

கடையில் கிடைப்பது வீட்டு வாசலுக்காகச் செய்த விளக்கு. எட்டடி உயரத்திலிருந்து மனிதனைப் பார்ப்பதற்கு அது போதும். நம் ஊர் நரி 8 முதல் 11 கிலோ எடை, தோள் உயரம் ஒன்றரை அடி அளவுதான். ஆகவே விளக்கும் சென்சாரும் தனித்தனியாக இருக்கட்டும். விளக்கை மேலே மாட்டி, சென்சாரைத் தரையிலிருந்து ஒன்றரை முதல் இரண்டடிக்குள் வையுங்கள். 'நாய், பூனைக்கு எரியாது' என்று அட்டையில் போட்ட சென்சாரைத் தொடவே வேண்டாம். அதற்கு நரியும் நாய்தான்.

இந்த விளக்குகளில் உள்ள பி.ஐ.ஆர். (அகச்சிவப்புக் கதிரை உணரும்) சென்சார் உடல் சூட்டுக்கும் பின்னணிச் சூட்டுக்கும் உள்ள வேறுபாடு நகர்வதைத்தான் உணர்கிறது. குறுக்கே கடக்கும் உருவத்தைச் சட்டென்று பிடிக்கும்; நேராக எதிரே வருவதைத் தாமதமாகத்தான் பிடிக்கும். வேலிக்கு வெளியே பார்த்து வைத்தால் நரி அதை நோக்கியே நடந்து வரும். மூலையில் வைத்து, வேலி ஓரமாகவே பார்க்க விடுங்கள். வேலியை நெருங்குகிற எதுவும் பார்வையைக் குறுக்கே வெட்டித்தான் ஆக வேண்டும். 7 மீட்டர் எட்டும் என்று போட்டிருக்கும். சித்திரை, வைகாசியில் இரவிலும் தரை சூடு தணியாதபோது அந்தத் தூரம் குறைந்துவிடும். 5 மீட்டருக்கு ஒரு சென்சார் என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள். சோதிப்பதற்கு நீங்கள் நடந்து பார்த்துப் பயனில்லை, வீட்டு நாயைக் கயிற்றில் பிடித்து நடத்திப் பாருங்கள். ரேடார் வகை சென்சார் தென்னந்தோப்புக்கு ஆகாது; மட்டை ஆடினாலே விளக்கு எரியும்.

சொந்தமாகச் செய்து மாட்டிக்கொள்ள விரும்புகிறவர்களுக்கு: எச்.சி.-எஸ்.ஆர்.501 என்ற பி.ஐ.ஆர். சென்சார், 12 வோல்ட் 10 வாட் எல்.இ.டி. விளக்கு, 12 வோல்ட் 7 ஏ.எச். (ஆம்பியர்-மணி, மின்கொள்ளளவு) பேட்டரி, 10 வாட் பேனல், சிறிய சார்ஜ் கன்ட்ரோலர், 12 வோல்ட் ரிலே (விளக்கை இயக்கும் மின்காந்த சுவிட்ச்) வேண்டும். ஒரு தடவைக்கு 30 விநாடி, இரவில் 40 தடவை எரிந்தாலும் மொத்தம் 20 நிமிடம், ஏறக்குறைய 0.3 ஏ.எச்.தான் செலவு. நாலைந்து நாள் மழை மூட்டத்தையும் தாங்கும். சென்சாரின் வெளியீடு 3.3 வோல்ட் என்பதால் 12 வோல்ட் ரிலேயை நேரடியாக இழுக்காது. நடுவில் பி.சி.547 டிரான்சிஸ்டரும் 1 கிலோ ஓம் ரெசிஸ்டரும் போட்டு, ரிலே காயிலுக்குக் குறுக்கே 1என்4007 டயோடை வையுங்கள். பேட்டரி பாசிட்டிவை ஒட்டி 3 ஆம்ப் பியூஸ் கட்டாயம். பகலில் எரியாமல் இருக்க எல்.டி.ஆர். (வெளிச்சத்தை உணரும் ரெசிஸ்டர்) ஒன்று சேர்க்கலாம்.

விளக்கு அணைந்த உடனே தானாக மறுபடி எரிந்துகொண்டே இருந்தால் இரண்டு காரணம் பாருங்கள். விளக்கின் சூடு சென்சாரின் பார்வையில் படலாம். அல்லது ரிலே இழுக்கும்போது மின்னழுத்தம் குலுங்கலாம். சென்சாரின் மின்முனைகளில் 100 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் வைத்தால் அடங்கும். மழைக்காலத்தில் ஈசலும் பூச்சியும் விளக்கில் மொய்க்க, அதைத் தின்னப் பல்லியும் சிலந்தியும் வந்துசேரும். லென்ஸில் நூலாம்படை கட்டினால் பாதிப் பார்வை போச்சு. வாரம் ஒருமுறை ஈரத் துணியால் துடைத்தாலே போதும்.

வெளிச்சம் கூண்டுக்குள் விழவே கூடாது. திடீர் வெளிச்சத்தில் கோழிகள் மிரண்டு ஒரே மூலையில் குவிந்து, அடியில் கிடப்பவை மூச்சு முட்டிச் செத்துப்போகும். நரி தின்றதைவிட அது பெரிய நஷ்டம். பக்கத்து வயலையும் கவனியுங்கள். செவ்வந்தியும், பகல் நேரம் குறுகினால்தான் கதிர் விடும் சம்பா ரகங்களும் இரவு வெளிச்சம் தொடர்ந்து பட்டால் பூக்கத் தாமதிக்கும்.

இனி முக்கியமான சங்கதி. சிலி நாட்டில் லாமா, அல்பாகா (ஒட்டக இன வளர்ப்பு விலங்குகள்) மந்தைகளைச் சுற்றி விட்டுவிட்டு மின்னும் விளக்குகளை வைத்துச் செய்த ஆய்வு 2019-ல் வெளியானது. பூமா என்ற பெரிய பூனை இன விலங்கு ஒதுங்கிப்போனது, ஆண்டீஸ் மலை நரி சட்டையே செய்யவில்லை. நம் ஊர் நரியும் விளக்குக்குப் பழகிவிடலாம். மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை விளக்கின் இடத்தையும் திசையையும் மாற்றினால் பழகுவது தள்ளிப்போகும், அவ்வளவுதான். கோழியைக் காப்பது கம்பிதான்: அறுகோணக் கண்ணுள்ள மெல்லிய கோழிவலை அல்ல, ஓர் அங்குலக் கண்ணுள்ள வெல்டு மெஷ் (பற்றவைத்த கம்பிவலை), ஆறடி உயரம். அடியில் இரண்டடி அகலத்துக்கு மெஷ்ஷை வெளிப்பக்கமாக மடித்து மண்ணுக்குள் புதையுங்கள். தோண்ட வரும் நரி வேலியை ஒட்டித்தான் தோண்டும், கம்பியில் நகம் மாட்டி விட்டுவிடும். கதவுக்கு அடியில் இரண்டு அங்குலத்துக்கு மேல் சந்து இருக்கலாகாது.

அவுட்டுக்காய் (இரைக்குள் வைக்கும் நாட்டுவெடி), விஷம், வேலியில் மின்கம்பியிலிருந்து நேரடியாகப் பாய்ச்சும் மின்சாரம் எதுவும் கூடாது. அந்த மின்சாரத்தில் முதலில் சாவது மாடும் மனிதனும். 2022 திருத்தத்துக்குப் பிறகு நரி வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் (உச்சப் பாதுகாப்புப் பட்டியல்) இருக்கிறது. கொன்றால் 3 முதல் 7 ஆண்டு சிறை. வாழப்பாடிப் பக்கம் பொங்கலுக்கு வங்காநரி பிடித்து வந்து முகத்தில் விழிப்பதற்கே வனத்துறை அபராதம் போடுகிறது.

கடைசியாக ஒன்று. செத்த கோழியைப் பண்ணைக்குப் பின்னால் வீசிவிட்டு முன்னால் சென்சார் மாட்டுகிறவர்கள் நிறைய. நாலடி ஆழக் குழியில் போட்டு, சுண்ணாம்பு தூவி, அன்றைக்கே மண் மூடி, மேலே கனமான கல் வையுங்கள். சென்சார் வாங்குவது அதற்குப் பிறகு.

இப்படிக்கு,
பண்ணை மின்வேலை செய்பவர்,
சேலம் மாவட்டம்