குறுக்கெழுத்துக் குழு, கடலூர்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டம் ஐப்பசி தவிர எல்லா மாதமும் நடந்தது. அன்று மழை விடவில்லை. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

இந்த ஆண்டு நாம் எடுத்துக்கொண்டது பதவிப் பெயர்கள். சுலபம் என்று நினைத்து இறங்கினோம். முதல் புதிரில் "மாவட்ட நிர்வாகத்தின் தலைவர் (5)" என்று குறிப்பு கொடுத்தேன். பாதிப்பேர் ஆட்சியர் என்று எழுதினார்கள், மீதிப்பேர் கலெக்டர். இரண்டுக்கும் ஐந்து கட்டம். குறுக்கே போன ஒரே சொல்லும் கடைசி 'ர்'-இல்தான் வெட்டியது. தப்பு என்னுடையது, இரண்டு விடைக்கும் மதிப்பெண் கொடுத்தோம். அடுத்த மாதம், அதே விடையின் முதல் கட்டத்திலிருந்து கீழே, நம் ஊர் நதியின் பெயரில் "கெடிலம் (2)" என்று வைத்தேன். 'ஆறு' விழுந்ததும் ஆட்சியர் மட்டுமே நின்றார்.

"தீர்ப்பு சொல்பவர் (4)" என்பதும் அப்படித்தான். நீதிபதியும் சரி, நடுவரும் சரி. "மாஜிஸ்திரேட், தமிழில்" என்று கேட்டால்தான் நடுவர் உறுதி.

நமது புதுச்சேரி உறுப்பினர், பிரெஞ்சுக் கம்பெனியில் இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் பதவியைக் கேட்டு 'துபாஷி'யை (மொழிபெயர்ப்பாளர்) வரவழைத்தார். அருமையான குறிப்பு. 1746-இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்த பிறகு ஆங்கிலக் கம்பெனியின் தலைமையிடம் நம் தேவனாம்பட்டினம் புனித டேவிட் கோட்டைக்கு வந்தது. அந்தக் காலத்தைக் கேட்டால் கவர்னர், ஐந்து கட்டம். இன்றைய தமிழ்நாட்டைக் கேட்டால் ஆளுநர், நான்கு. புதுச்சேரியைக் கேட்டால் முன்னால் துணைநிலை சேர வேண்டும். அதனால் குறிப்பில் காலமும் ஊரும் தெரிய வேண்டும் என்று முடிவு செய்தோம்.

எனக்கு மிகவும் பிடித்தது பழைய பட்டங்களின் புதிர்: படைத்தலைவருக்கு ஏனாதி, அரசு அலுவலருக்கு காவிதி, வணிகருக்கு எட்டி. மூன்றும் மூன்று மூன்று கட்டம்!

மார்கழிக் கூட்டத்துக்கு மூத்த உறுப்பினர் ஒருவர் தாத்தா எழுதிய நிலக் கணக்குத் தாளைக் கொண்டுவந்தார். மடிப்பில் கிழிந்த தாள். கையெழுத்துக்குக் கீழே 'கர்ணம்' (ஊர்க் கணக்கர்) என்று நீல மையில் இருந்தது. "எங்க வீட்டுக்கே அதுதாங்க பேரு, கர்ணம் வீடு" என்றார். 1980-இல் தமிழ்நாட்டில் அந்தப் பதவி ஒழிந்து, பின்பு கிராம நிர்வாக அலுவலர் வந்தார். அந்தத் தாளைச் சுற்றி நின்று அப்புறம் யாரும் புதிர் போடவில்லை.

இதுபோன்ற பழைய பத்திரம், பட்டா, கல்யாணப் பத்திரிகை எது வீட்டில் இருந்தாலும் அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். பதவிப் பெயர்களை எழுதிக்கொண்டு அன்றே திருப்பித் தந்துவிடுவோம்.

நன்றியுடன்,
செயலாளர்